பின்னால் கட்டிய கைகள்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு கடிதத்தில், தலைப்பெழுத்தோடு முழுப் பெயராக, ஏற்கனவே மூன்று தடவை எழுதியிருக்கிறேன். அதை எழுதிய கை மறுபடியும் அந்தப் பெயரைத் தொடவேண்டாம்.

நாங்கள் அவரை மிஸ்ஸி என்று அழைத்தோம். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் தாதிமாரை எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். வயது முப்பத்தாறு, முப்பத்தேழு இருக்கும். மெலிந்த உடம்பு. தலையை இறுக்கிப் பின்னியிருப்பார். இவற்றையெல்லாம் நான் யோசித்துத்தான் எழுதவேண்டியிருக்கிறது. யோசிக்காமலே கண் முன்னால் வருவது அவர் நிற்கிற விதம். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்தபடி நிற்பார். பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நிற்கும் ஆசிரியர்கள் அப்படி நிற்பதுண்டு. முப்பத்துநாலு வருடம் கணிதம் படிப்பித்த நானும் நின்றிருக்கிறேன். யார் பிழை விடுகிறார்கள் என்று பார்ப்பதற்காக நான் நின்றேன். அவரும் அதற்காகத்தான் நிற்கிறார் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஹட்டன் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். நோர்வூட் பஸ் புறப்படுகிற நேரம். ஊன்றுகோலோடு ஒரு கிழவர் முதல் படியில் ஒரு காலை வைத்துவிட்டு அடுத்த காலைத் தூக்கமுடியாமல் நின்றார். பின்னால் இருபது பேர். கண்டக்டர் தகரத்தைத் தட்டி, "இக்மன் கரன்ன, இக்மன் கரன்ன" என்று அவசரப்படுத்தினான். இரண்டு பையன்கள் கிழவரைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கிப் போடத் தயாரானார்கள். அந்தப் பையன்களுக்கும் கிழவருக்கும் நடுவில் மிஸ்ஸி போய் நின்றார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"அவரே ஏறிக்குவாரு. கொஞ்சம் பொறுங்க."

"நாங்க வேலைக்குப் போகணும் அக்கா."

"அவரும் எங்கயோ போகத்தானே நிக்கிறாரு?"

கண்டக்டரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவன் சிரித்துவிட்டுத் தட்டுவதை நிறுத்தினான். கிழவர் கம்பியைப் பிடித்தார், விட்டார், மறுபடியும் பிடித்தார், ஏறினார். பஸ் ஒரு நிமிடமும் நாற்பது விநாடியும் தாமதித்துப் புறப்பட்டது. நான் என் கடிகாரத்தில் பார்த்தேன். எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு வராது. வீதியிலிருந்து எங்கள் வீட்டுக்கு இறங்க நாற்பத்து மூன்று படிகள். மழைநாளில் அதில் பதினாறு வழுக்கும். காஸ் அடைத்திருக்கிறதா என்று படுக்குமுன் மூன்று தடவை பார்ப்பேன்.

அந்த மழைப் படிகளைப் பற்றி நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது என் அக்கா விழுந்தது வீட்டுக்குள், குசினி வாசலில். அவளுக்கு எண்பத்தொரு வயது. இடுப்பெலும்பு முறிந்து, கண்டியில் சத்திரசிகிச்சை செய்து, பத்தொன்பதாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். பேச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கர் மூலையில் நின்றது. என் மனைவி காலமாகிப் பல வருடம். மகன் கொழும்பில். நான்தான் அக்காவுக்குச் சோறு பிசைந்து ஊட்டினேன், ஒரு வேளைக்கு இருபத்திரண்டு கரண்டி. ஒன்று குறைந்தாலும் அன்று எனக்கு நிம்மதி இல்லை.

அந்த நேரத்தில்தான் மிஸ்ஸி வந்தார். பன்னிரண்டு வருடம் வார்டில் வேலை செய்தவர். அப்போது படிப்பு விடுமுறையில், முதியோரைப் பராமரிப்பதற்கான தாதியியலில் முதுநிலைப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். படிப்பின் ஒரு பகுதியாக ஆறு முதியவர்களை அவரவர் வீட்டிலேயே பதினான்கு வாரம் கவனிக்கவேண்டும். ஒவ்வொரு வருகைக்கும் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடவேண்டும். எங்கள் வீடு ஐந்தாவது. செவ்வாய்க்கிழமைகளில் வருவார்.

முதல் செவ்வாய் அக்காவை நிமிர்த்தி உட்காரவைத்து, தேத்தண்ணிக் கோப்பையை அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஸ்டூலில் வைத்தார். வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அக்காவின் கை போர்வைக்கு வெளியே வந்து நடுங்கியது. நான் எழுந்தேன்.

"சேர், கொஞ்சம் இருங்க."

"சிந்திடும் மிஸ்."

"சிந்தட்டும்."

ஆறு நிமிடம். கோப்பை வாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது பாதித் தேத்தண்ணி போர்வையில் இருந்தது. நான் போர்வையைப் பார்த்தேன்.

"பாதி உள்ள போயிருக்கு சேர்," என்றார் அவர்.

அடுத்து சட்டை. ஐந்து பொத்தான்கள், பதினொரு நிமிடம். மூன்றாவது பொத்தானில் அக்கா களைத்துப்போய்க் கையை மடியில் போட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முப்பத்தொரு நாளில் முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"இந்த மிஸ்ஸிக்குக் கை இல்லையா?"

"இருக்கு பெரியம்மா."

"பின்ன எதுக்கு ஒளிச்சு வச்சிருக்க?"

"வெளியில விட்டா சும்மா இருக்காது. உங்க பொத்தானையும் போட்டுடும்."

அக்கா சிரித்தாள். பல் இல்லாத சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பில் சந்தோஷப்படத் தோன்றவில்லை. இருபத்திரண்டு கரண்டி ஊட்டிய எனக்குக் கிடைக்காதது, சும்மா நின்றவருக்குக் கிடைத்துவிட்டதே என்று இருந்தது.

அவர் கேள்வி கேட்பதும் அப்படித்தான். "ராத்திரி நல்லா தூங்கினீங்களா பெரியம்மா?" என்பார். பதினொன்றரைக்கும் மூன்றுக்கும் எழுந்தாள் என்று நான் சொல்வேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "சரிங்க சேர்" என்பார். பிறகு அக்கா பக்கம் திரும்பி அதே கேள்வியை முதலிலிருந்து கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்பார்.

"உங்களுக்கு இதில் வேலையே இல்லை போலிருக்கிறதே" என்று ஒருநாள் குத்தலாகக் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "வார்டுல வேலை நெறைய செஞ்சேன் சேர். நாங்க ஊட்டினா அஞ்சு நிமிஷத்துல முடியும். அவங்களா சாப்பிட்டா அரைமணி நேரம். அந்த நேரத்த மிச்சம் புடிக்கிறதுக்காக அவங்க கைய நாங்க வாங்கி வச்சிக்கிட்டோம். ஒருத்தரு காய்ச்சல்னு நடந்து வந்தாரு. மூணு வாரம் நல்லாத்தான் பாத்தேன். போறப்ப தூக்கிக்கிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம்தான் இதப் படிக்கணும்னு போனேன்."

மேல்வீட்டுக்காரர் அன்று எங்கள் முன்னறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், வீட்டு மாடி விறாந்தையிலிருந்தே எங்கள் பின்வளவு முழுவதையும் மேற்பார்வை செய்பவர். "மிஸ்ஸிக்கு எந்த ஊர்?" என்று கேட்டார்.

"நோர்வூட் பக்கத் தோட்டம் சேர். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறாங்க. லயத்து வீட்டுலதான் இருக்கோம்."

மழை பெய்கிறது என்பதைப்போல அதைச் சொன்னார். எனக்கு உடம்பு கூசியது. காரணத்தை எழுதவேண்டும்.

என் அக்காவும் தேயிலைக் கொழுந்து எடுத்தவள்தான். அப்பா இறந்ததும் பதினாலு வயதில் தோட்டத்தில் பேர் பதிந்து, விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், நாற்பத்துநாலு வருடம் மலை ஏறினாள். நான் படித்தது அதில்தான். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். ஆசிரியராகி, டிக்கோயா வீதியில் இந்த வீட்டை எடுத்தபிறகு அவளை அழைத்துக்கொண்டேன். ஆனால் ஹட்டனில் யாருக்கும் அவள் என்ன செய்தாள் என்று நான் சொன்னதில்லை. "அக்கா வீட்டைப் பார்த்துக்கொண்டா" என்பேன். யாராவது அவளிடமே பேச்சுக் கொடுத்தால், "அடுப்புல வச்சிருக்கேன்" என்று குசினிக்குப் போய்விடுவாள். அப்படிப் போகச்சொல்லி நான் சொன்னதில்லை. போகாதே என்றும் சொன்னதில்லை.

வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்க அக்கா ஐந்தாவது வாரம் பழகினாள். நடக்கமட்டும் மறுத்தாள்.

"நடந்து எங்க போகப் போறேன்?"

"எங்க போகணும் பெரியம்மா?"

வழக்கமான காத்திருப்பு. நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடத்துக்குப் பிறகு அக்கா சொன்னாள்: "மலைக்கு."

"பார்த்தீங்களா, மூளை குழம்புது" என்றேன் நான் அவசரமாக.

மிஸ்ஸி அக்காவின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் சிந்தாமலிருக்க நான் கொடுத்த துவாயை அக்கா நெஞ்சுக்குக் கீழே உயர்த்திச் சுற்றி, ஓரத்தை இடதுபக்கமாகச் செருகியிருந்தாள். கொழுந்தெடுக்கும் பெண்கள் சேலை நனையாமல், கொப்பு கிழிக்காமல் இருக்க இடுப்பில் சாக்குப் படங்கு கட்டுவார்கள். அதற்கு ஒரு கட்டு உண்டு. அது அந்தக் கட்டு.

"எத்தன வருஷம் பெரியம்மா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். "அடுப்புல என்னமோ கருகுது" என்றாள் அக்கா. அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

எங்கள் வளவு முன்பு தோட்டத்துக் காணியாக இருந்தது. பின்பக்க எல்லையில் ஏழு தேயிலைச் செடிகள் மிஞ்சியிருந்தன. வேலிபோல வெட்டி வைத்திருந்தேன். அந்த மாதங்களில் அக்காவைக் கவனித்ததில் வெட்ட மறந்து, கொழுந்து விட்டிருந்தது. எட்டாவது செவ்வாய், நான் சந்தைக்குப் போய்த் திரும்பியபோது கட்டில் காலியாக இருந்தது. குசினி ஜன்னலால் பார்த்தேன். பின்கதவிலிருந்து செடிவரை பதினேழு அடி. வாக்கர் பக்கத்தில் தனியாக நின்றது. அக்கா செடியின் முன்னால், இடுப்பில் ஒரு சாக்கோடு, எதையும் பிடிக்காமல் நின்றாள். பிடிக்க முடியாது, இரண்டு கையும் கொழுந்தில் இருந்தன. நடுங்கிய அதே கைகள். மிஸ்ஸி ஒரு எட்டுத் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"கங்காணியாட்டம் நிக்காத புள்ள. காலடியில இருக்கிற பேசின எடுத்து மேல வை" என்றாள் அக்கா.

மிஸ்ஸி சிரித்துக்கொண்டே பிளாஸ்டிக் பேசினை அவள் காலடியிலிருந்து எடுத்துக் கல்லின்மேல் வைத்தார். தூறிக்கொண்டிருந்தது. ஒன்பது நிமிடம். ஒன்பது நிமிடமும் நான் ஜன்னலடியில்தான் நின்றேன். முதல் நான்கு நிமிடம் என் கண் நிறைந்திருந்தது, அதையும் சொல்லவேண்டும். அப்போது மேல்வீட்டு மாடியிலிருந்து குரல் வந்தது.

"என்ன சேர், வீட்டுக்கே கொழுந்துக்கு ஆள் போட்டுட்டீங்களா?" பிறகு, "அட, அக்காவா? நல்லாப் பழகின கையால்ல இருக்கு."

நான் ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்தேன். "உள்ள வா, நனையுது" என்றேன். அவள் உடனே வந்தாள். சாக்கை அவளே அவிழ்த்து மடித்து என்னிடம் கொடுத்தாள்.

மிஸ்ஸி போனதும் பின்னேரமே கடிதத்தை எழுதினேன். அவர் படிக்கும் துறையின் தலைவருக்கு, ஆங்கிலத்தில், இரண்டு பக்கம். கோப்பைக்கு ஆறு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சட்டைக்குப் பதினொரு நிமிடம். சத்திரசிகிச்சை செய்த எண்பத்தொரு வயதுப் பெண்ணை வீட்டாரைக் கேளாமல் தூறலில் பிடிமானமின்றி ஒன்பது நிமிடம் நிறுத்தி, தோட்டக் கூலி வேலை செய்வித்தார். அந்தக் கடிதத்தில் பொய்யான எண் ஒன்றுகூட இல்லை. எண்கள் இருந்ததால் அதை நம்பினார்கள்.

இரண்டு வாரம் கழித்து அவருடைய விரிவுரையாளர் விசாரிக்க வந்தார். தமிழ் நன்றாகப் பேசும் அமைதியான அம்மா. மிஸ்ஸியும் கூட வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவோரம் நின்றார். தோளில் பை, பையில் அக்காவின் முன்னேற்றத்தை அவர் வாராவாரம் எழுதிவைக்கும் நீலக் கொப்பி.

விரிவுரையாளர் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். "அம்மா, உங்கள விருப்பமில்லாம வெளியில கூட்டிட்டுப் போனாங்களா?"

"அக்காவுக்கு ஞாபகம் அவ்வளவாக இல்லை," என்றேன். அவர் நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, அக்காவிடம் அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். மிஸ்ஸிக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். இருபது வருடத்துக்கு மேலாக, யாராவது வந்து கேட்கும்போதெல்லாம் குசினிக்குப் போவதற்குமுன் பார்க்கிற அதே பார்வை. இப்போது எழுந்து போக முடியாது.

"தம்பி என்னா எழுதியிருக்கோ, அதுதாங்க," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அது படிச்ச புள்ள. பொய் எழுதாது" என்றாள்.

விரிவுரையாளர் பேனாவைக் கீழே வைத்தார். நான் மிஸ்ஸியைப் பார்த்தேன். அந்த நீலக் கொப்பியை எடுத்து இரண்டு பக்கம் புரட்டியிருந்தால் போதும், என் கடிதம் செத்திருக்கும். அவர் எடுக்கவில்லை. கைகள் பின்னால் இருந்தன. வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவர் முகத்தில் குற்றச்சாட்டு இல்லை. அக்காவின் கை கோப்பையை நோக்கி நகரும்போது எப்படிப் பார்ப்பாரோ அப்படி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கும் வயது எழுபத்தைந்து. நானே செய்யட்டும் என்று விட்டிருந்தார்.

நாற்பத்தேழு விநாடி. அவ்வளவு நேரம் கிடைத்தது எனக்கு. ஒரு வாக்கியம் சொல்ல அது தாராளம்.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றேன்.

விரிவுரையாளர் தன் ஃபைலை மூடினார்.

புறப்படும்போது மிஸ்ஸி அக்காவின் அருகில் குனிந்து, "வர்றேன் பெரியம்மா" என்றார். "மழையா இருக்கு, கொடைய விரிச்சிக்கிட்டுப் போ" என்றாள் அக்கா. என்னிடம் கதவடியில் ஒன்றே ஒன்று சொன்னார்: "கப்ப கிட்டக்க வைங்க சேர். நீங்க எடுத்துக் குடுத்துடாதீங்க." நாற்பத்து மூன்று படியையும் ஏறிப் போனார். நான் எண்ணினேன்.

எங்கள் வீட்டை நீக்கியதில் ஆறில் ஒன்று குறைந்ததால் மிஸ்ஸிக்குப் புதிதாக ஒரு வீட்டில் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்ததாம். அது முடியுமுன் விடுமுறை தீர்ந்துவிட்டது. படிப்பைப் பாதியில் விட்டு வேறொரு மாவட்டத்து வார்டுக்கு மாறிப் போய்விட்டதாக, நான் மருந்து வாங்கும் கடைக்கார நானா சொன்னார். "நல்ல மிஸ்ஸி சேர், யாரோ பெட்டிசம் போட்டுட்டானாம்" என்றார். மாத்திரைகளை எண்ணி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்கா அதன்பிறகு பதினான்கு மாதம் இருந்தாள். முதல் ஐந்து செவ்வாய், "மிஸ்ஸி வரலையா?" என்று கேட்டாள். "லீவு" என்றேன். ஆறாவது செவ்வாய் கேட்கவில்லை. மலைக்குப் போகணும் என்றும் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. கோப்பையைக் கிட்ட வைத்துவிட்டுச் சும்மா நிற்க இரண்டு நாள் முயன்றேன். என் கையைப் பின்னால் வைத்திருக்க என்னால் முடியவில்லை. மறுபடியும் இருபத்திரண்டு கரண்டி. கடைசியில் எட்டு.

நான் கடிதத்தில் எழுதாமல் விட்ட எண்கள் என்னிடம் இருக்கின்றன. அவையும் அதே கடிகாரத்தில் பார்த்து, நான் வைத்திருக்கும் கணக்குக் கொப்பியில் எழுதியவைதான். விரிவுரையாளர் அம்மாவுக்கு அவற்றைப் போன வாரம் அனுப்பினேன். இந்த முறை கடிதத்தில் மூன்று தடவை வருவது என்னுடைய பெயர். கோப்பை: ஆறு நிமிடம், ஐந்து, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, இரண்டு, ஒன்றரை. சட்டை: பதினொன்று, பத்து, எட்டு, எட்டு, ஏழு, ஐந்து, நான்கு, நான்கு. எண்தொடர்களைப் படிப்பித்தவனுக்கு அது எந்தப் பக்கம் போகிறது என்று அன்றே தெரியும்.

இன்னும் ஓர் எண் இருக்கிறது. கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, அன்று முதல் குசினி மூலையிலேயே காய்ந்து கிடந்த அந்தக் கொழுந்துப் பேசினை எருக்குழியில் கொட்டப்போனேன். கொட்டுமுன் எண்ணினேன். அறுபத்தொரு கொழுந்து. எல்லாம் முறைப்படி இரண்டு இலையும் ஒரு மொட்டும். ஒரு முற்றல் இலைகூட இல்லை.